கேட்டிருக்கலாமே

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குப் பல்லி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டின் கூரைமேல் இறங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கதவை நெம்பித் திறந்து, உள்ளே மாட்டியிருந்தவர்களை வெளியே எடுத்தான். அதைப் பார்த்த மேஸ்திரி வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்காரர்களைத் தவிர வேறு யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பொறாமைக்காரன் என்று பல்லியை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. கூட வேலை செய்கிறவன் புது வண்டி வாங்கினால், அதை முதல் ஆளாக ஓட்டிப் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடு என்று தோளில் கை போடுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இருபத்தேழாவது வயதில், கட்டிய மனைவியைப் பார்த்தே வயிறு எரிய ஆரம்பித்தது. அது ஆரம்பித்த இடம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

மாமனார் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் பள்ளிக்கூட டீச்சர். மைத்துனர் வேறொரு கல்லூரியில் பேராசிரியர். அந்த வீட்டில் புத்தக அலமாரி இல்லாத சுவர் குளியலறையில் மட்டும்தான் இருந்தது. பல்லியின் அப்பாவோ மரக்கடையில் மரக்கட்டை தூக்குகிறவர், அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கத்தில் இருபது வயதில் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டபோது, அவள் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டாள், அவன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவைப் பாதியில் விட்டான். அவளுக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது, இவனுக்கு லிஃப்ட். மாமனார் வீடு ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பேத்தி பிறந்து, அவள் நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே மகளிடம் கேட்டார்.

"அப்புறம், எப்போம்மா முடிக்கப் போறே?"

தைக்கக் கொடுத்த சட்டை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல இருந்தது அது. ஏழு வருஷம் அந்தப் படிப்பு எங்கேயோ ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்த மாதிரியும், போய் வாங்கி வருவது ஒன்றுதான் பாக்கி என்பது மாதிரியும். அவளும் தூக்கிவாரிப் போட்டு நிமிரவில்லை. இந்த வருஷம் சேரலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். குழந்தையை என்னிடம் விட்டுவிடு என்றார் மாமியார். மைத்துனர் அதற்குள் போனை எடுத்து யாரிடமோ மாலைக் கல்லூரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பல்லி இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது.

பிறகு மாமனார் இவன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, உங்களுக்கு வேலையெல்லாம் சௌகரியமா போகுதா?"

போகிறது மாமா என்றான்.

அவனும் பாதியில் விட்டவன்தான் என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவனை ஏளனமாக நினைத்துக் கேட்காமல் விட்டிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அப்படி இல்லை. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, தட்டு காலியாக விடவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வண்டியில் திரும்பும்போது, "நானும் படிக்கப் போறேன்" என்றான். பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் சந்தோஷத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

தன் வீட்டில் சொன்னபோது வேறு மாதிரி ஆயிற்று. அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏன்பா, கம்பெனியில ஏதாவது பிரச்சனையா?"

பிரச்சனை ஒன்றும் இல்லை என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நல்லாத்தானே இருக்கிறாய், உனக்கு இப்போது என்ன குறை என்று கேட்டாள். அவர்களைப் பொறுத்தவரை படிப்பு என்பது வேலை கிடைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிற திண்ணை. வேலை கையில் இருக்கிறவன் மறுபடி அங்கே போய் உட்காருகிறான் என்றால், வேலைக்கு ஆபத்து என்று அர்த்தம். அந்த வாரமே ஒரு நாள் அப்பா மரக்கடைக்கு லீவு போட்டுவிட்டு, மகனுக்குத் தெரியாமல் அவன் வேலை செய்யும் கட்டிடத்தைத் தேடிக்கொண்டு போய், என் பையனை வேலையைவிட்டு எடுக்கப் போகிறீர்களா என்று மேஸ்திரியிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார். மேஸ்திரி அதை வந்து சொல்லிச் சிரித்தார். பல்லியும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டு மேலே மோட்டார் அறைக்குப் போய் ரொம்ப நேரம் கீழே இறங்கி வரவில்லை.

கல்லூரியில் முதலில் போய்ச் சேர்ந்தது அவன்தான். பழைய மதிப்பெண் பட்டியல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தான். கவுண்டரில் இருந்தவர் டிப்ளமோவா, முதல் வருஷமா என்றார். ஆமாம் சார் என்றான். பையைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, தனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி, பழைய மதிப்பெண்ணையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றாள்.

"எடுத்துப்பாங்களா?" என்றான் பல்லி.

"எடுத்துப்பாங்களே. நீ கேட்கலையா?"

அவன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தான்.

"கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்கலாம்னு எனக்கு யாரு சொன்னா?"

"இதையெல்லாம் யாராவது சொல்லுவாங்களா? கேட்கிறதுதானே."

அவள் மேல் குற்றம் இல்லை. தண்ணீர் குடிப்பதற்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்பதுபோல ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். மறுநாள் அவன் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு ஓடினான். சேர்வதற்கு முன்னால் கொண்டு வந்திருக்க வேண்டும், இப்போது பதிவாகிவிட்டது என்றார்கள். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அண்ணனை விட்டுப் பேசச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டபோது, உங்க அண்ணன் தயவு ஒன்றும் எனக்கு வேண்டாம் என்றான். அந்த வீராப்பில், ஏற்கெனவே ஒரு தடவை படித்து எழுதியதையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

மாமனார் மகளுக்கு ஒரு மேசை வாங்கி அனுப்பினார். வீட்டில் இருந்ததே ஒரு ஜன்னல். மேசை அதன் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. ரெண்டு பேருக்கும்தான் என்று மாமியார் போனில் சொன்னார், ஆனால் கூட வந்த நாற்காலி ஒன்று. அவளும் நீ உட்காரு, நீ உட்காரு என்று எழுந்துகொள்வாள். அவன் உட்கார மாட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கம்பிவடம் சுற்றுகிற சத்தத்தில் உட்கார்ந்து படித்தான். கிரீஸ் விரல் படக்கூடாது என்று புத்தகத்துக்கு அட்டை போட்டு, அட்டைக்கு மேல் பாலிதீன் போட்டிருந்தான்.

ஒரு நாள் அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தாள். ஓர் இடத்தில் 'ஏன்?' என்று. இன்னொரு இடத்தில் 'இது சரியில்லை' என்று. பல்லிக்கு நம்ப முடியவில்லை. அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து ஒருத்தி சரியில்லை என்று எழுதுகிறாள்! அவன் தன் புத்தகத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை, எல்லா வரியையும் அப்படியே மனப்பாடம் செய்தான். மேசையைப் பார்த்தபோது எரிந்ததைவிட அந்தப் பென்சில் கிறுக்கலைப் பார்த்தபோது அதிகமாக எரிந்தது. மேசை காசு கொடுத்தால் வரும். இது எந்தக் கடையில் கிடைக்கும்?

அவள் ஒரு பரீட்சையில் குறைவாக வாங்கிக்கொண்டு வந்த சாயங்காலம், அவன் பாத்திரங்கள் எல்லாவற்றையும் தானே தேய்த்துக் கழுவினான். பாதியில்தான் கவனித்தான், தான் விசிலடித்துக்கொண்டிருப்பதை. வெட்கமாக இருந்தது. விசிலை நிறுத்தினான். சந்தோஷம் நிற்கவில்லை.

அவள் கடைசிப் பருவத்தில் இருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அவளால் சில நாள் வகுப்புக்குப் போக முடியவில்லை. அப்போது மைத்துனர் அவனுடைய போனில் கூப்பிட்டார். தங்கை போனை எடுக்கவில்லை, அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் கல்லூரியில் தெரிந்தவர் சொன்னார், ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாளை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம், வெள்ளிக்கிழமையே கொடுத்தாக வேண்டும் என்றார். சொல்கிறேன் மச்சான் என்று வைத்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது குழந்தை அழுதது, பிறகு மருந்து வாங்கப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் மறந்தது நிஜம். இரண்டாம் நாள் ஞாபகம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தான். அவள் ஜன்னல் மேசையில் காலை ஆட்டிக்கொண்டு, அடுத்த வாரம்தானே என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள். பல்லிக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஒரு லிஃப்டுக்குக் கதவைச் சரிசெய்துவிட்டு பட்டன் இணைப்பை மாற்றிக் கொடுத்து, மூன்றாவது மாடிக்குப் போகிறவர்கள் எல்லோரையும் ஐந்துக்கு அனுப்பிவைத்தான். அவள் அழுதுகொண்டு வருவாள், ஒரு வருஷம் போயிற்று என்பாள், பரவாயில்லை விடும்மா என்று தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று அதற்கான வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தான்.

அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள்.

"வெள்ளிக்கிழமையே குடுத்திருக்கணுமாம், எனக்குத் தெரியவே இல்ல. போய்க் கேட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னேன். புதன்கிழமை குடுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டாள்.

அவ்வளவுதான். பல நாள் மென்று முழுங்கி, மனசாட்சியோடு மல்லுக்கட்டி அவன் செய்த துரோகம் அவள் மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டிய இடத்தில் வயிற்றெரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது. டீ வேண்டாம் என்றான்.

அதற்கு அடுத்த மாதமே அவனுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் கம்பெனியிலிருந்து போன். ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பது நீதான் என்றார்கள். வண்டியைத் திருப்பினான். அவர்களை வெளியே எடுத்து, பிரேக்கைச் சரிசெய்து முடித்தபோது தேர்வு நேரம் முடிந்திருந்தது. தேய்த்த சட்டை கறுப்பாகியிருந்தது. சரி, போயிற்று, அடுத்த வருஷம் எழுதலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு எழவே இல்லை. லிஃப்ட் நின்றால் நின்றதுதான், அதனிடம் போய்க் கெஞ்ச முடியுமா? அப்படித்தான் அவன் உலகம் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் அவளுக்குத் தெரிந்தது தாமதமாகத்தான். போய்க் கேள், கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போ என்று பிடித்துத் தள்ளினாள். துறைத் தலைவியின் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினான். மூன்றாவது தடவை கதவு திறந்திருந்தது; அந்த அம்மாளே பார்த்துவிட்டு யாருப்பா என்று கேட்டார். எப்படியோ சொல்லி முடித்தான்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார். "அன்னிக்கே வந்து கேட்டிருக்கலாமேப்பா. ஒரு வாரத்துக்குள்ள வந்திருந்தா தனியா வெச்சிருப்போம். இப்போ மார்க்கெல்லாம் போயாச்சு."

பல்லிக்குச் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாமல் அவர் விழித்தார்.

இது நடந்து கொஞ்ச நாளைக்குள் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, பேச்சுவாக்கில் ஆய்வறிக்கை விஷயம் வந்தது. நல்லவேளை, திங்கட்கிழமையாவது தெரிந்ததே என்றாள் அவள். மைத்துனர் புருவத்தைச் சுருக்கினார். நான்தான் முன்னாலேயே மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேனே என்றார். பல்லியின் முகம் சுண்டிப்போனது. ஆமாம், இவர் சொன்னாரு, நான்தான் மறந்துட்டேன் அண்ணா என்று அவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். அங்கே அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"மறந்துட்டியா, இல்ல சொல்லலையா?"

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் அதற்குத்தான் இடம் வைத்துக் கேட்டாள்.

"சொல்லலை" என்றான்.

"ஏன்?"

"உனக்கு எல்லாமே நடக்குது."

"நடக்குதா? நானும் வேலைக்குப் போயிட்டு வந்துதானே படிச்சேன்? குழந்தையை நான் பார்க்கலையா?"

"பார்த்தே. நான் இல்லன்னு சொல்லலை. ஆனா நீ பாதியில விட்டதை உங்க வீட்டுல எல்லாரும் உனக்காகப் பத்திரமா வெச்சிருந்தாங்க. நான் விட்டது விட்டதுதான். எங்கப்பா மேஸ்திரிகிட்டப் போய் என் வேலைக்காகக் கெஞ்சிட்டு வர்றாரு."

"அதுக்கு நான் ஃபெயில் ஆகணுமா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அன்றைக்கு அவனிடம் தெம்பு இல்லை.

"ஒரு தடவை ஆயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. துணியை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். சமாதானம் பேசவில்லை. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவள் இல்லாத நாட்களில் ஜன்னல் மேசையில் உட்கார்ந்து பார்த்தான் பல்லி. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. அவள் வந்த பிறகு ரொம்ப நாள் அவர்கள் வீட்டில் உப்பு, துணி, சாவி இதற்கு மேல் பேச்சு வளரவில்லை. பிறகு ஒரு நாள் அவன் மின்சுற்றுக் கணக்கு ஒன்று வரவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அவள் பென்சிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகப் போட்டார்கள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் பட்டம் வாங்கினாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கறுப்பு அங்கியில் அவள் நடுவில் நிற்க, எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பல்லி அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். படத்தில் அவன் நன்றாகச் சிரிக்கிறான், உள்ளே எரிந்தது படத்தில் விழவில்லை. அவள் அதோடு நிற்கவும் இல்லை. மேலே படிக்கப் போகிறேன் என்றாள். எங்கே, எப்போது என்றுதான் அவள் வீட்டில் பேசினார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் டிப்ளமோ முடிக்க அதற்குப் பிறகும் நாளாயிற்று. முடித்த சேதியைச் சொல்ல மரக்கடைக்குப் போனான். அப்பா தோளில் இருந்த கட்டையை இறக்கி வைத்துவிட்டு, சான்றிதழைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தார். மரத்தூள் பட்டுவிடும் என்று பயம். இனிமேல் உன்னை வேலையைவிட்டு எடுக்க மாட்டார்களே என்று கேட்டார். மாட்டார்கள் அப்பா என்றான். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டையைத் தூக்கிக்கொண்டார். மாமனாரும் வாழ்த்தினார். கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை என்றார். அடுத்து என்ன என்று மகளிடம் கேட்பதுபோல அவனிடம் அவர் கேட்கவில்லை.

கம்பெனியில் அவனை ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்கினார்கள். இப்போது ஏறி இறங்குவது குறைவு, போன் பேசுவது அதிகம். பெயர் மட்டும் மாறவில்லை, பல்லி சார் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனான். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று வாசலில் வைத்துத்தான் சொன்னாள். பேசாமல் பின் வரிசையில் உட்கார்ந்துகொள், டீச்சர் கண்ணில் படாதே என்றான். அவள் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு நேராக டீச்சரிடம் நடந்து போனாள்.

"மிஸ், நேத்து நாங்க வெளியூர் போயிட்டு லேட்டா வந்தோம். நாளைக்குக் கொண்டு வரட்டுமா?"

டீச்சர் தலையாட்டினார். அவள் பையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எட்டு வயது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னான். உனக்குப் பெருமையாக இருந்திருக்குமே என்றாள் அவள்.

"இருந்துச்சு" என்றான். "ஆனா, அவளைப் பார்த்தும் வயிறு எரிஞ்சுதும்மா."

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. பிறகு, பெத்த பொண்ணையுமா, நீ உருப்படவே மாட்டே என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். அவன் போன் அடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாம்.